இடுப்புக்குழி நோவுக்குத் தசையில் ஊசி போடலாமா?

ஸ்கான் எல்லாம் சரி, ஆனாலும் ஒன்றரை வருடமாக அடிவயிற்றுக்குக் கீழே இடுப்புக்குழி நோகிறது, தசைக்குள் ஊசி போடலாம் என்கிறார் டொக்டர், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. நான் போட்டவள். போடலாம். ஆனால் ஊசியை மட்டும் நம்பிப் போடாதீர்கள்.

எனக்கு நாலு வருட நோ. திருகோணமலையிலிருந்து கண்டிக்கு கிளினிக் போகும்போது, ஹபரணை வருமுன்பே பஸ்சில் ஒருபக்கம் சாய்ந்துதான் இருப்பேன். அம்மா கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போய் வெந்நீர் அள்ளி ஊற்றுவார். அன்று பின்னேரம் வரை சுகமாக இருக்கும். சூட்டுக்கு இளகுவது தசை என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

கடைசியில் ஒரு பெண் டொக்டர் பெண்ணுறுப்பின் உள்ளே ஒற்றை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். இடப்பக்கம் ஓர் இடத்தில் விரல் பட்டதும் நோ தொடைவரை ஓடியது. "இதுதானே உங்கட நோ?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை யாரும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை.

அவர் தொட்டது சலப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் கீழிருந்து தாங்கும் இடுப்பு அடித்தசைகளை. இறுகி முடிச்சு விழுந்தால் சாதாரண ஸ்கானில் தெரியாது. அந்த முடிச்சுக்குள் லிடோகெயின் போன்ற விறைப்பு மருந்தை ஏற்றுவார்கள். ஏற்றும்போது சுரீர் என்றது, சில நிமிடத்தில் தளர்ந்தது. இரண்டு நாள் அடிபட்ட இடம் போல நொந்தது. பத்து நாளில் பழைய நோ திரும்பிவிட்டது, ஏனென்றால் நான் வேறொன்றும் செய்யவில்லை.

இரண்டாம் தடவை ஊசியோடு பிசியோதெரபியும் தொடங்கினேன். வயிறு உப்ப மூச்சிழுத்து, அடித்தசையைத் தளரவிடும் பயிற்சி. இறுக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சி செய்யாதீர்கள், ஏற்கெனவே இறுகிய தசைக்கு அது நோவைக் கூட்டலாம். ஊசி நோவை அடக்கிவைத்த நாட்களில்தான் அந்தப் பயிற்சியைச் செய்ய முடிந்தது. எனக்கு விடிவு அப்படித்தான் வந்தது.

தசையைத் தளர்த்தும் போடொக்ஸ் ஊசி பற்றியும் சொல்வார்கள். அதன் பலன் ஏறக்குறைய 3 மாதம். 2006இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வில் 60 பெண்களில் ஒரு பாதிக்குப் போடொக்ஸும் மறுபாதிக்கு உப்புநீரும் போட்டுப் பார்த்தார்கள். இரு குழுவுக்கும் இடையே நோவில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. கொஞ்சக் காலம் சலம் அடக்க முடியாமலும் போகலாம். அதனால் அதை முதலில் கேட்காதீர்கள்.

கர்ப்பமாக இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுத்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் ஸ்கானில் தெரியாமலும் இருக்கலாம், அதையும் கேளுங்கள். ஊசிக்கு நாள் எடுக்கும்போதே, அதே வாரத்தில் பிசியோதெரபிக்கும் நாள் எடுத்துவிடுங்கள்.