ஹோட்டல் துறைப் பயிற்சி: பணம் கட்டுமுன் பெற்றோர் பார்க்கவேண்டியவை

சாதாரண தரம் முடித்த மகள் ஹோட்டல் துறையில் படிக்க விரும்புகிறாள், அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்பலாம். ஆனால் எங்கே சேர்ப்பது என்பதில் அவசரப்பட வேண்டாம்.

இலங்கையில் ஒரு பயிற்சி நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருப்பது வேறு. அங்கு நடக்கும் கற்கைநெறி என்.வி.கியூ. (NVQ) எனப்படும் தேசிய தொழில் தகைமைக்கான அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. பெற்றோர் பலர் ஏமாறுவது இங்கேதான். பதிவிலக்கத்தைப் பார்த்ததும் நம்பிப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். கடைசியில் பிள்ளைக்குக் கிடைப்பது அந்த நிலையத்தின் சொந்தச் சான்றிதழ் மட்டுமே. அதனால் கற்கைநெறியின் பெயர், மட்டம், அங்கீகாரம் முடியும் திகதி ஆகிய மூன்றையும் ஆணைக்குழுவிடமே கேட்டு உறுதிசெய்யுங்கள். என்.வி.கியூ. 4ஆம் மட்டத்தைக் குறிவையுங்கள். அதற்கு மேலே 5, 6 டிப்ளோமா, 7 பட்டம் என்று வழி திறந்திருக்கிறது.

1964இல் ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கிய அரச நிறுவனம், இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம் என்ற பெயரில் இன்று இயங்குகிறது. கொழும்பு தவிர கண்டி, பண்டாரவளை, பாசிக்குடா போன்ற இடங்களிலும் கிளைகள் உண்டு. முதலில் அங்கே விசாரியுங்கள்.

வகுப்பறையை விட முக்கியமானது ஹோட்டலில் நடக்கும் வேலைத்தளப் பயிற்சி. சமையல் படிக்கும் பிள்ளையை மரக்கறி வெட்டவும் காலை பஃபே அடுக்கவும் மட்டுமே மாதக்கணக்கில் நிறுத்திவிடும் ஹோட்டல்கள் இருக்கின்றன. என்.வி.கியூ. மதிப்பீடு தேர்ச்சி அலகு வாரியாக, அதாவது ஒவ்வொரு திறனையும் தனித்தனியாகப் பார்த்து நடப்பதால், சூப், சோஸ், இறைச்சி, பேக்கரி என்று தொடாத பகுதியில் அவள் தடுமாறுவாள். பயிற்சிக் குறிப்பேட்டை அன்றன்றே எழுதி, வாரந்தோறும் மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்கச் சொல்லுங்கள். ஒரே பிரிவில் நாட்கள் நீண்டுகொண்டே போனால், பயிற்சி முடியும்வரை காத்திராமல் போதனாசிரியரிடம் உடனே முறையிட வேண்டும்.

பெண் பிள்ளை என்ற உங்கள் பயம் நியாயமானது. இரவு பத்து, பதினொரு மணிக்கு முடியும் ஷிப்ட் உண்டு. வீடு திரும்ப வாகனம் தருகிறார்களா, பெண் ஊழியர்களுக்குத் தனி விடுதி இருக்கிறதா என்று சேருமுன்பே கேளுங்கள். நல்ல ஹோட்டல் இந்தக் கேள்விக்குத் தயங்காது.

சம்பள விடயத்தில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விருந்தினரின் பில்லில் சேரும் 10 சதவீத சேர்விஸ் சார்ஜ் ஊழியர்களுக்குப் பகிரப்படும். கூட்டமுள்ள மாதங்களில் அது பெரிய தொகை. ஆனால் பாசிக்குடா, அறுகம்பே பக்கம் சீசன் மே முதல் செப்ரெம்பர் வரைதான். காலி, பெந்தோட்டைப் பக்கம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. சீசன் இல்லாத மாதங்களில் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மொழியை இப்போதே தொடங்கட்டும். தென்னிலங்கை ஹோட்டல் சமையலறையில் சிங்களம் இல்லாமல் நாள் நகராது. வரவேற்புப் பிரிவுக்கு ஆங்கிலம் வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் பயணிகளே இப்போது அதிகம், அவர்களில் தமிழ்நாட்டவரும் உண்டு என்பதால் அவளுடைய தமிழும் அங்கே கைகொடுக்கும்.

உங்கள் வீட்டில் சான்றிதழ் இல்லாமல் சில வருடங்களாகச் சமையல் வேலை செய்பவர் யாராவது இருந்தால், அவர் மீண்டும் முழுநேர வகுப்புக்குப் போகத் தேவையில்லை. முன்கற்றலை, அதாவது வேலையிலேயே கற்றதை, அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குத் தோற்றி என்.வி.கியூ. பெறலாம். சேவைக் கடிதங்களைத் திரட்டிக்கொண்டு மாவட்டத் தொழிற்பயிற்சி அதிகாரசபை அலுவலகத்தில் விண்ணப்பம் கேட்கச் சொல்லுங்கள்.