நாவலுக்குப் பின் பிறந்த இசைக்குழுக்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்திருந்த மைக்கேல் முஹம்மது நைட்டின் ‘தக்வாகோர்ஸ்’ நாவலைப் படித்தேன். அமெரிக்க முஸ்லிம் இளைஞர்களிடையே இருந்த பங்க் ராக் (கலகத்தொனி கொண்ட முரட்டு ராக் இசை) வட்டத்தை ஆவணப்படுத்தியது என்ற அளவில் அது பயனுள்ள நூல்தான். ஆனால் நடை கரடுமுரடாக இருக்கிறது. பக்கம் பக்கமாக விவாதம். மதத்தைச் சீண்டும் காட்சிகள் அதிர்ச்சிக்காகவே வைக்கப்பட்டவையோ என்று தோன்றியது. செப்டம்பர் 11-க்குப் பிந்தைய சூழல் இல்லையென்றால் இந்த நாவலை யாராவது பேசியிருப்பார்களா?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

இந்த நாவலை ஆவணமாகப் படித்தவர் நீங்கள் மட்டுமல்ல. அமெரிக்கப் பத்திரிகைகளும் பெரும்பாலும் அப்படித்தான் படித்தன. ஆனால் நைட் இதை எழுதியபோது ஆவணப்படுத்துவதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. பங்க் கேட்ட, வாசித்த முஸ்லிம் இளைஞர்கள் ஆங்காங்கே தனியாக இருந்திருக்கலாம். பஃபலோ நகரத்து வீடு ஒன்றில் கூடி வாழ்ந்து, தொழுகையையும் கச்சேரியையும் ஒரே கூடத்தில் நடத்தும் கூட்டம் முழுக்க அவருடைய கற்பனை. ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, பதின்ம வயதில் இஸ்லாத்தைத் தழுவி, இஸ்லாமாபாத்தின் ஃபைசல் மசூதிவரை சென்று மார்க்கம் கற்றுத் திரும்பியவர், பிறகு ஐயங்களில் சிக்கி, அந்த மார்க்கத்திடம் விடைபெறுவதற்காகவே இதை எழுதினார். 2003-இல் நகலெடுத்துச் சுருள்கம்பியால் கட்டிய பிரதிகளைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தார். டெட் கென்னடிஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவின் ஆல்டர்னேட்டிவ் டென்டக்கிள்ஸ் நிறுவனம் விநியோகத்தில் கைகொடுத்தது; அச்சுப் பதிப்பு அதற்குப் பின்னர்தான் வந்தது.

அதன்பின் நடந்ததுதான் அபூர்வம். நாவலின் முகப்பில் நபியைப் பங்க் ராக்கராகக் கண்டு பாடும் கவிதை ஒன்று இருக்கிறதல்லவா, அதற்கு டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் பள்ளி வயதுப் பையன் ஒருவன் மெட்டமைத்தான். நாவலில் வரும் கற்பனைக் குழு ஒன்றின் பெயரையே தன் குழுவுக்கும் வைத்துக்கொண்டான். பாஸ்டனிலிருந்து கொமினாஸ், சிகாகோவிலிருந்து அல்-தவ்ரா, கனடாவிலிருந்து பெண்கள் நடத்திய சீக்ரட் டிரையல் ஃபைவ் என்று குழுக்கள் ஒவ்வொன்றாக ஆசிரியரைத் தேடிவந்தன. 2007-இல் எல்லாருமாகப் பச்சை நிறம் பூசிய பேருந்து ஒன்றில் ஊர் ஊராகப் போனார்கள். சிகாகோ அருகே வட அமெரிக்க இஸ்லாமியச் சங்க மாநாட்டின் திறந்த மேடையில் பெயர் கொடுத்து ஏறினார்கள். பெண்கள் மேடையில் பாடியது அமைப்பாளர்களுக்கு ஒவ்வாமல் போக, காவல்துறை வந்து எல்லாரையும் வெளியேற்றியது. எழுத்தாளர் எழுதிய உலகத்துக்கு வாசகர்கள் போய்க் குடியேறியதை இவ்வளவு அப்பட்டமாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதிர்ச்சி பற்றிச் சொன்னீர்கள். நாவலில் வரும் ராபியாவை எடுத்துக்கொள்வோம். இசைக்குழுக்களின் பெயர்த் துணுக்குகள் தைத்த புர்காவுக்குள் முகம் காட்டாமல் இருக்கும் அந்தப் பெண், கணவன் மனைவியை அடிக்க இடம்கொடுப்பதாகப் பலர் பொருள்கொள்ளும், குர்ஆனின் நான்காம் அத்தியாயத்து முப்பத்துநான்காம் வசனத்தைத் தன் பிரதியில் அடித்துவிட்டிருக்கிறாள்; அந்த வீட்டு ஜும்ஆவுக்கு (வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு) அவளே முன்னின்று தொழுகையும் நடத்துகிறாள். வெறும் சீண்டலே நோக்கமென்றால் புர்காவைக் கழற்றி வீசும் பெண்ணை எழுதியிருக்கலாம், அது எளிது. இவளோ ஒரு வசனத்தோடு சண்டை போட்டபடியே மற்ற எல்லாவற்றையும் விடாமல் பற்றிக்கொள்கிறாள். கூடத்துச் சுவரில் உடைத்த ஓட்டைதான் அங்கே கிப்லா, தொழும் திசையின் அடையாளம். முந்தைய இரவு மது சிந்திய இடத்தில் மறுநாள் தொழுகிறார்கள். அந்த வீட்டுவாசிகளில் ஒருவனான ஜஹாங்கீர் கூரைமேல் ஏறி மின்கிட்டாரில் பாங்கு வாசிக்கிறான். இவர்களில் யாருக்கும் மார்க்கத்தைவிட்டு வெளியேறும் எண்ணமே இல்லை என்பதைத்தான் ‘முஸ்லிம் கலகக்காரர்கள்’ என்று தலைப்பிட்டவர்கள் கவனிக்கத் தவறினார்கள்.

கடைசிக் கச்சேரிக் காட்சியில் மட்டும் நான் உங்கள் பக்கம். (படிக்காதவர்களுக்காக விவரிக்கவில்லை.) அங்கே பாத்திரங்களை நைட் தன் வாதத்துக்காக உந்தித் தள்ளுகிறார். விவாதங்களும் நீளம்தான், பொறியியல் மாணவன் யூசுஃப் எல்லாவற்றையும் வேடிக்கை பார்ப்பவனாகவே நின்றுவிடுகிறான். நடையின் கரடுமுரடு எனக்குக் குறையாகப் படவில்லை. நகலெடுத்துக் கைக்குக் கை போன எழுத்துக்கு அது பொருந்தியே இருக்கிறது.

செப்டம்பர் 11 பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரிய பத்திரிகைகளின் ஆர்வத்துக்கு அது பெருங்காரணம் என்பதை மறுக்கமாட்டேன். 2009-இல் ஒமர் மஜீதின் ஆவணப்படமும், 2010-இல் இயாத் சஹ்ராவின் திரைப்படமும் வந்ததில்கூட அதன் பங்கு இருக்கலாம். ஆனால் நகல் பிரதியைப் படித்துவிட்டு “இப்படியொரு வீடு எங்கே இருக்கிறது, நானும் வரலாமா” என்ற தோரணையில் ஆசிரியரைத் தேடிப்போன பிள்ளைகளுக்கு அந்தப் பத்திரிகைகள் வழிகாட்டவில்லை. பின்னாளில் குழுக்களில் சிலர், நாவலின் தலைப்பிலிருந்து முஸ்லிம் பங்க் இசைக்கே பெயராகிவிட்ட தக்வாகோர் என்ற முத்திரையையே வேண்டாம் என்று ஒதுக்கியதற்கும் ஒரு காரணம், பேட்டி எடுக்க வந்தவர்கள் இசையை விட்டுவிட்டு மதத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்ததுதான்.

அன்புடன்