உட்கார மறுக்கும் பிள்ளைக்கு ஆர்கெஸ்ட்ரா

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா இசையைப் பழக்கலாம் என்று முழு சிம்பொனி (ஆர்கெஸ்ட்ராவுக்கென எழுதப்பட்ட நீண்ட இசைப்படைப்பு) ஒன்றைப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிட்டான். எனக்கும் இந்த இசையில் பயிற்சி கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அவன் ஓடியதில் வியப்பில்லை. பல சிம்பொனிகள் அரை மணி நேரத்தைத் தாண்டும்; பெரியவர்களே நெளிவார்கள். இரண்டரை நிமிடத்தில் முடிகிற ஒன்றை எடுங்கள். நார்வேயின் இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் எழுதிய ‘மலை அரசனின் மண்டபத்தில்’ இதற்கென்றே செய்தது போல இருக்கும். ஒரே மெட்டுதான். தாழ்ந்த குரலுள்ள கருவிகளில் பூனைநடையாகத் தொடங்கி, வேகமும் சத்தமும் ஏறிக்கொண்டே போய் இடியாக முடியும். உட்காரச் சொல்லாதீர்கள். நுனிக்காலில் நடக்கட்டும், இசை ஓடும்போது அவனும் ஓடட்டும், கடைசி அடியில் சிலையாக நிற்கட்டும். மறுநாள் அதே இசைக்குப் பெரிய தாளும் கிரேயானும் கொடுங்கள். கோடு எங்கே மெலிகிறது, எங்கே தாளைக் கிழிக்கப் பார்க்கிறது என்று கவனித்தால், அவன் காதில் விழுந்தது என்ன என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்து, பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன் சான்ஸ் 1886இல் எழுதிய ‘விலங்குகளின் திருவிழா’. பதினான்கு சிறு துண்டுகள். பெயரைச் சொல்லாமல் போட்டு, “இது கனமான பிராணியா, லேசானதா?” என்று மட்டும் கேளுங்கள். யானைக்கு டபுள் பாஸ் என்ற மிகத் தாழ்ந்த குரலுள்ள பெரிய தந்திக் கருவி, அன்னத்துக்கு அதைவிடச் சிறிய செல்லோ. அன்னத்தை அவன் படகு என்றால் படகாகவே இருக்கட்டும். ஆமைக்கு வருவது ஆஃபன்பாக் என்ற இன்னொரு இசையமைப்பாளரின் துள்ளலான நடன மெட்டுதான், ஆனால் ஊர்ந்து வரும். இந்தக் குறும்பு உங்களுக்கு!

ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவின் ‘பீட்டரும் ஓநாயும்’ (1936) இசையோடு சொல்லப்பட்டு, கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஓடும் கதை. மூன்று நாட்களாகப் பிரித்துக் கேளுங்கள். பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பஸூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன்கள்; எல்லாமே ஊதும் கருவிகள். பிறகு, நம் வீட்டில் யார் எந்தக் கருவி என்று அவனையே கேளுங்கள். வரும் பதிலுக்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கருவிகளின் படத்தைக் காட்டிப் பெயரை ஒப்பிக்கச் சொல்வதை நான் முதல் மாதத்தில் செய்யவே மாட்டேன். அது பரீட்சை வாடை அடிக்கும். அதற்குப் பதில் தட்டியும் குலுக்கியும் விளையாட, கரண்டி, காலி டப்பா, அரிசி போட்ட பாட்டில் போதும். நீங்கள் கையை உயர்த்தினால் உரக்க, தாழ்த்தினால் மெல்ல, மூடினால் நிசப்தம். இரண்டு சுற்றுக்குப் பின் அவனே இசை நடத்துனர், நீங்கள் டப்பா.

பயிற்சி இல்லாதது குறையில்லை. இருவரும் சேர்ந்தே கண்டுபிடிக்கலாம். ஒலியில் மட்டும் கவனம் வேண்டும். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் டபுள் பாஸ் காணாமல் போகும், யானை கொசுவாகிவிடும். சுமாரான ஸ்பீக்கராவது வேண்டும். கிரீக்கின் துண்டுக்கு ஒலி அளவைக் கடைசிப் பகுதியை வைத்து முடிவு செய்யுங்கள். தொடக்கம் கேட்கவில்லையே என்று கூட்டி வைத்தால், முடிவில் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மறுபடியும் ஓடுவான்.