கிரியேட்டினின் 1.4 என்றால் சர்க்கரை மாத்திரையில் எதை மாற்றுவது?

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராகப் பணிபுரிகிறேன். 60 வயதுப் பெண்மணி ஒருவருக்கு 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். முன்பு ஒருமுறை மாரடைப்பும் வந்துள்ளது. இப்போது கால் வீங்குகிறது, மேடேறினால் மூச்சு வாங்குகிறது. மெட்பார்மின் நாளொன்றுக்கு 2 கிராம், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன் எடுத்துக்கொள்கிறார். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்தக் கிரியேட்டினின் 1.4. எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் அந்த 1.4-ஐ இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) ஆகக் கணக்கிட்டுப் பாருங்கள். இதே அளவு 30 வயது ஆணுக்கு வந்தால் இ.ஜி.எஃப்.ஆர். ஏறத்தாழ 69, உங்கள் நோயாளிக்கோ 43 தான். சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதத்தையும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும் தொடக்க நிலையை, பட்டையை நனைத்துப் பார்க்கும் சோதனை பெரும்பாலும் காட்டுவதில்லை.

பயோகிளிட்டசோனை இன்றே நிறுத்துங்கள். அது உடலில் நீரைத் தேக்கும். மாரடைப்பு வந்தவருக்குக் கால் வீக்கமும் மூச்சு வாங்குதலும் சேர்ந்து இருக்கும்போது, இதயச் செயலிழப்பு இல்லை என்று எக்கோ (இதய ஸ்கேன்) காட்டும்வரை அது இருப்பதாகவே கருதுவது நல்லது. எக்கோவுக்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மெட்பார்மினை நாளொன்றுக்கு 1 கிராமாகக் குறையுங்கள்; இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போனால் முழுவதும் நிறுத்த வேண்டும்.

அடுத்து டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையைத் தொடங்குங்கள்: 10 மில்லிகிராம், தினம் ஒன்று. இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே இருப்பவரிடம் இது சர்க்கரையை அதிகம் குறைக்காது. அதைக் கண்டு பயனில்லை என்று நிறுத்திவிடுவோரும் உண்டு. இங்கே இதைக் கொடுப்பது சர்க்கரைக்காக அல்ல, சிறுநீரகத்தையும் இதயத்தையும் காப்பதற்காக. சிறுநீரக நோயாளிகளிடம் நடந்து 2020-இல் வெளியான டாபா-சிகேடி ஆய்வு அந்தப் பயனை உறுதிசெய்தது. தொடங்கிய சில வாரங்களில் இ.ஜி.எஃப்.ஆர். சற்று இறங்கும், 30 விழுக்காட்டுக்குள் இருந்தால் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரக்கூடும் என்பதைப் பெண் செவிலியர் மூலம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கூச்சத்தால் சொல்லாமலே மாத்திரையை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலோ, கோயில் நோன்பென்று பட்டினி கிடந்தாலோ, மறுபடி நன்றாகச் சாப்பிடும் வரை இந்த மாத்திரையையும் மெட்பார்மினையும் நிறுத்திவைக்க வேண்டும்.

கிளிமிபிரைடில் கவனம் தேவை. விடியலிலேயே காட்டு வேலைக்குப் போய், பத்து மணிக்கு மேல் களி தின்பவருக்குக் காலை மாத்திரை தாழ்சர்க்கரையைக் கொண்டுவரும். சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அது நெடுநேரம் நீடிக்கும். அளவைக் குறையுங்கள், முதல் சாப்பாட்டோடு போடச் சொல்லுங்கள். ஏ.சி.இ. தடுப்பான் அல்லது ஏ.ஆர்.பி. வகை இரத்த அழுத்த மருந்து இதுவரை இல்லையென்றால் குறைந்த அளவில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்குள் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பாருங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் தொடரட்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை வீடு தேடி வருவது பெரும் வசதி. ஆனால் இரத்தப் பரிசோதனை இல்லாமல் பழைய சீட்டே மாதாமாதம் தொடர்ந்தால், இவரைப் போன்றவருக்கு 2 கிராம் மெட்பார்மின் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இவரை நேரில் வரவழையுங்கள். அப்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் அதில் இருந்தால், சிறுநீரகத்தைக் கெடுப்பது அதுவாகவும் இருக்கலாம். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினாலோ, இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இறங்கினாலோ சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.