ராஸ்பெரித் தண்டுகளைப் பிப்ரவரியில் தரையோடு வெட்டலாமா?

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் வளரும் ராஸ்பெரியை வசந்தம் பிறக்கும் முன் முழுவதும் வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது இரகத்தைப் பொறுத்தது. ‘ஆட்டம் பிளிஸ்’ போன்ற இலையுதிர்கால இரகங்கள் அந்தந்த ஆண்டு முளைக்கும் புதுத் தண்டிலேயே காய்ப்பதால், தளிர் எழுவதற்கு முன் பிப்ரவரியில் அவற்றைத் தரைமட்டமாக வெட்டிவிடலாம். ஆனால் ‘கிளென் ஆம்பிள்’ போன்ற கோடைகால இரகங்கள் சென்ற ஆண்டு வளர்ந்த தண்டில்தான் பூக்கும் என்பதால், இப்போது வெட்டினால் இவ்வாண்டு விளைச்சல் முழுவதையும் இழந்துவிடுவீர்கள். அவற்றில் காய்த்து முடிந்த தண்டுகளை மட்டும் அறுவடைக்குப் பின் நீக்குங்கள். இரகம் தெரியாவிட்டால், தயவுசெய்து ஓராண்டு பொறுத்து, பழம் ஜூலையில் வருகிறதா செப்டம்பரில் வருகிறதா என்று கவனியுங்கள். வேர்கள் மேலாகவே ஓடுவதால், வசந்தத்தில் களைகளைக் கொத்தாமல் கையால் பிடுங்குவதே நல்லது.