டெஸ்ட் எடுப்பது மட்டும்தான் இன்டர்ன்ஷிப்பா?

வணக்கம். அமெரிக்க அரசுப் பள்ளியில் ஸ்கூல் சைக்காலஜி இன்டர்னாகச் சேர்ந்து மூன்று மாதமாகியும் மாணவர்களுக்கு அறிவுத்திறன் டெஸ்ட் எடுப்பதும் அறிக்கை எழுதுவதும்தான் வேலை, கவுன்சலிங் பக்கமே விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அந்த வருடம் இதே கதைதான். டெஸ்ட் பெட்டியைத் தூக்கித் தோள் வலித்ததுதான் மிச்சம்.

பள்ளிக்காரர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பெற்றோர் சம்மதம் தந்த 60 நாளுக்குள் முதல் மதிப்பீடு முடிய வேண்டும் என்பது ஐ.டி.இ.ஏ. என்ற அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டம், சில மாநிலங்கள் தனிக் கெடு வைத்திருக்கின்றன. கெடு நெருங்கினால் கையில் சிக்குவது இன்டர்ன்தான்.

ஆனால் உங்களுக்கும் பிடி இருக்கிறது. நாஸ்ப் என்ற அமெரிக்கப் பள்ளி உளவியலாளர் சங்கத்தின் தரப்படி குறைந்தது 1200 மணி நேரப் பயிற்சி, அதில் குறைந்தது 600 பள்ளியில். முழுநேரமென்றால் வாரம் சராசரி 2 மணி நேர மேற்பார்வை. மதிப்பீடு மட்டும் போதாது, மாணவனுக்கு நேரடியாக உதவும் தலையீடு, ஆலோசனை எல்லாம் வேண்டும். மேற்பார்வையாளரிடம் ஒப்பந்தத்தையும் மணிக்கணக்கையும் காட்டுங்கள். "கவுன்சலிங் வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "நான் டெஸ்ட் எடுத்த இந்த மாணவனை ஆறு வாரம், செவ்வாய்தோறும் அரை மணி நேரம் பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். எனக்கு அப்படித்தான் கதவு திறந்தது. அதுவும் நடக்காவிட்டால் பல்கலைக்கழக மேற்பார்வையாளரிடம் போகலாம்.

அப்புறம், தமிழ் பேசும் குழந்தை வந்தால் விஸ்க் என்ற குழந்தைகளுக்கான அறிவுத்திறன் டெஸ்டின் கேள்விகளை அங்கேயே மொழிபெயர்த்துக் கேட்கச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள், அந்த மதிப்பெண்ணை ஆங்கில அளவுகோலோடு ஒப்பிட முடியாது.