விரிசலோட ஓரத்தைப் பாருங்க

அன்புள்ள சார்,

எனக்கு 46 வயசு. எட்டு மாசமா ஞாயித்துக்கிழமை பாட்டரி கிளாஸ் போறேன், சக்கரத்துல ஓரளவு கை வந்துடுச்சு. போன மாசம் ராக்கு, அதாவது பாத்திரத்தைச் சூளைலேருந்து தகதகன்னு இருக்கும்போதே வெளிய எடுக்கற முறை, சொல்லிக்கொடுத்தாங்க. மக் செய்யற அதே வழுவழு மண்ணுல நான் செஞ்சு வெச்ச அஞ்சுல மூணு போச்சு, ஒரு தட்டு ரெண்டாப் பிளந்துடுச்சு, ரெண்டு கிண்ணத்துல விரிசல். "ரிசல்ட் பத்தி யோசிக்காதீங்க, என்ஜாய் பண்ணுங்க"ன்னு டீச்சர் சொல்றாங்க. என்னால முடியல சார். அடிப்படையே முழுசா வராம இந்த எக்ஸ்பெரிமென்ட் எல்லாம் தேவையா, பேசாம மக் செய்யவே திரும்பிடட்டுமா?

(பெயர் வேண்டாம்னு கேட்டிருக்காங்க.)

வணக்கம்.

உடைஞ்ச துண்டுகளை இன்னும் தூக்கிப் போட்டிருக்க மாட்டீங்கன்னு நம்பறேன். அதை எடுத்து நல்ல வெளிச்சத்துல வெச்சு விரிசலோட ஓரத்தைப் பாருங்க. கிளேஸ், அதாவது மேல பூசற கண்ணாடி மாதிரிப் பூச்சு, உருகி விரிசலுக்குள்ள இறங்கி, ஓரம் மழுங்கி இருந்தா, கிளேஸ் உருகறதுக்கு முன்னாடியே அது விட்டிருக்கு, அதாவது காயும்போதோ சூடு ஏறும்போதோ. ஓரம் கத்தி மாதிரி கூரா இருந்தா ஆறும்போது விட்டது. ராக்குல பெரும்பாலும் ரெண்டாவதுதான் நடக்கும், உங்க தட்டும் அப்படித்தான்னு எனக்குத் தோணுது.

ஏன்னா மண்ணுக்குள்ள இருக்கற குவார்ட்ஸ்ங்கற கனிமம் 573 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது திடீர்னு விரியும், திரும்பி இறங்கும்போது அதே இடத்துல சட்டுனு சுருங்கும். சாதாரண சூளைல மூடி வெச்சு மணிக்கணக்கா ஆற விடறோம், மண் தாங்கிக்குது. ராக்குல கிட்டத்தட்ட 1000 டிகிரில தகதகன்னு இருக்கறதை இடுக்கியால வெளிய எடுத்துடறோம், மேல ஒரு சூடு உள்ள ஒரு சூடுன்னு பாத்திரம் இழுபடுது, வழுவழு மண்ணு அதுக்கு ஈடு கொடுக்காது. சுட்ட மண்ணைப் பொடிச்சுக் கலந்த சொரசொரப்பான மண்ணு வேணும், கிராக்னு (grog) சொல்றாங்களே அது கலந்தது. தட்டு இன்னும் மோசம், அகலமா தட்டையா இருக்கறதால ஓரம் ஒரு வேகத்துல ஆறும் நடு ஒரு வேகத்துல ஆறும். அதனால இதுல உங்க கையைக் குத்தம் சொல்ல ஒண்ணுமே இல்ல, மண்ணும் வடிவமும்தான் தப்பு, அதை கிளாஸ்ல முன்னாடியே சொல்லியிருக்கணும்.

ரிசல்ட் பத்தி யோசிக்காதீங்கன்னு சொன்னதை என்னால ஒத்துக்க முடியல. எக்ஸ்பெரிமென்ட்னா ரிசல்ட்டைத்தானே பார்க்கணும்? இந்த முறையே அப்படிப் பார்த்தவங்களால வந்ததுதான். 16ஆம் நூற்றாண்டுல க்யோட்டோல சென் நோ ரிக்யூங்கற தேநீர் ஆசானுக்காக சோஜிரோ செஞ்ச கிண்ணங்கள்லேருந்து ராக்கு ஆரம்பிக்குது, அங்க சூடா எடுத்து காத்துல ஆற விடறதோட சரி. நாம இப்ப மரத்தூள்ல போட்டு புகை போடறோமே, அது 1960ல அமெரிக்கால பால் சோல்ட்னர் தொடங்கி வெச்சது. முதல்ல வந்த பாத்திரம் அவருக்குப் பிடிக்கல, ஏன் பிடிக்கலன்னு யோசிச்சு அடுத்ததை இலைகளுக்குள்ள போட்டுப் பார்த்தார். பிடிக்காம போனதை அவரும் கவனிச்சார், நீங்களும் கவனிக்கறீங்க, அதை விட்டுடாதீங்க.

நானும் வயசான அப்புறம்தான் இதைக் கத்துக்கிட்டேன். முதல் தடவை சூளைலேருந்து எடுத்தப்ப கிளேஸ் தேன் மாதிரி ஈரமா மின்னிச்சு, காத்து பட்டு சில நொடில அந்த மினுமினுப்பு அடங்க ஆரம்பிச்சுது, கிட்ட நின்னா டிங் டிங்னு பொடிப் பொடியா சத்தம், கிளேஸ் நுணுக்கமா விடற சத்தம் அது. மரத்தூள்ல வெச்சதும் குபீர்னு பத்திக்கிச்சு, மூடினேன். அவசரப்பட்டு கொஞ்ச நேரத்துலயே திறந்துட்டேன், சூடு இருக்கும்போதே காத்து பட்டதால தாமிரச் சிவப்பு வரவேண்டிய கிளேஸ் ஒரு பக்கம் பச்சையாயிடுச்சு. அன்னிக்கு அழுகையே வந்துடுச்சு, ஆனா காத்தும் தாமிரமும் என்ன பண்ணும்னு எனக்குப் புரிஞ்சது அந்தக் கிண்ணத்தாலதான், இன்னமும் மேஜை மேல இருக்கு.

அடிப்படை முழுசா வரட்டும்னு காத்திருக்காதீங்க, ரெண்டையும் சேர்த்தே பண்ணுங்க. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாதும்பாங்க, காய்ஞ்ச மண்ணுல ஈர மண்ணு ஒட்டறதே கஷ்டம், ஆனா காகிதக் கூழ் கலந்த பேப்பர் கிளேல காய்ஞ்சதும் ஈரமும் ஒட்டும், அதுல வேலை செஞ்சு பார்த்தாதான் சாதாரண மண்ணு ஏன் ஒட்ட மாட்டேங்குதுன்னே தெரியும். அடுத்த தடவை கிராக் மண்ணுல ஒரே அளவா மூணு சின்னக் கிண்ணம் செய்யுங்க, மண்ணு பச்சையா இருக்கும்போதே அடில நம்பர் கீறிடுங்க. ஒரே கிளேஸ், ஒரே சூளை. ஒண்ணை எடுத்த உடனே மரத்தூள்ல வைங்க, ஒண்ணு பத்து நொடி கழிச்சு, இன்னொண்ணு இருபது நொடி கழிச்சு. வேற எதையும் மாத்தாதீங்க, நோட்டுல எழுதிக்குங்க. புகை வேலையை வெட்டவெளில மட்டும் பண்ணுங்க, காட்டன் டிரெஸ் போட்டுக்குங்க. ராக்கு பாத்திரத்துல சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, பாத்திரத்தோட மண்ணு நீர் உறிஞ்சும், மேல கிளேஸும் விரிசல் விட்டது.

அந்தத் தட்டோட ஓரம் கூரா இருக்கா மழுங்கி இருக்கான்னு பார்த்துட்டு எழுதுங்க. மழுங்கி இருந்தா நான் மேல சொன்னது உங்க தட்டுக்குப் பொருந்தாது, காய வெச்ச விதத்தையும் சூடு ஏத்தின விதத்தையும்தான் பேசணும்.